நான் ஜெயிச்ச இடம்

மே 10, ஞாயிறு

மத்தியானம் வரை வெயில், அப்புறம் மழை. கடைசி ட்ரையல் முடிஞ்சது. ஏர் பிஸ்டல், பெண்கள். காவ்யா முதல். நான் ரெண்டாவது. எல்லா ட்ரையலும் சேர்த்த சராசரியில அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. கடைசி பத்து குண்டு சீரிஸ்ல எனக்கு ஒண்ணு பத்துக்கு எட்டுதான். ட்ரிகரை அழுத்தும்போதே தெரிஞ்சது, கையை இறக்கிட்டு மறுபடி தூக்கியிருக்கணும். இறக்கலை.

போன வருஷம் வெளிநாட்டுல சுட்டு ஒலிம்பிக் இடம் வாங்கினது நான். ஆனா இடம் நாட்டுக்கு. அந்த ஒரே இடத்துல யார் போறதுங்கிறது ட்ரையல்ல முடிவாகும். விதி தெரிஞ்சுதான் சுட்டேன்.

காவ்யா கட்டிப் பிடிச்சுக்கிட்டா. வருஷக்கணக்கா கேம்ப் ரூம்ல பக்கத்துக் கட்டில். கோச் சார் தோளைத் தட்டிட்டு காபி குடிக்கப் போயிட்டார்.

அம்மாகிட்ட சொல்லலை. தலைவலின்னு படுத்துட்டேன்.

மே 11, திங்கள்

சொல்லிட்டேன். அம்மா வேலைக்குக் கிளம்புற நேரம்.

"நீ வாங்கின சீட்டுல அவ எப்படிப் போவா?"

"அது என் பேர்ல இல்லம்மா. நாட்டுக்கு."

"துப்பாக்கியைத் தூக்கிப் பிடிச்சது நாடா? நீதானே பிடிச்ச?"



வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட் ஒண்ணுல அம்மாவுக்கு ஹவுஸ்கீப்பிங். போன வருஷம் அங்க மேடம்கள் கேக் வெட்டினாங்க, லிஃப்ட்ல என் போட்டோ ஒட்டினாங்க. இன்னிக்கு அம்மா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து கட்டில்ல உட்கார்ந்துட்டாங்க. லீவு.

ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கலை. உப்புமா நாய்க்கு.

மே 13, புதன்

மெயின் ரோடு திருப்பத்துல என் பேனர். பிரியாணிக் கடை பாய் சொந்தச் செலவுல கட்டினது. ஆட்டோ அகலத்துக்கு என் முகம், கையில பிஸ்டல், எங்க ஏரியா பேரைப் போட்டு "நீலசந்திராவின் பெருமை". இன்னிக்கு பாய் தயங்கித் தயங்கி, "ஜெனிம்மா, தப்பா எடுத்துக்காதே. மழைக்கு விறகு நனையுது. பேனரை இறக்கி மூடிக்கட்டுமா?"

"அரே, இறக்குங்க பாய், அதனால என்ன"ன்னு சிரிச்சேன்.

சாயங்காலம் வரும்போது விறகு மேல கிடக்கு. மடிப்புல நெத்தியும் ஒரு கண்ணும் மட்டும் வெளிய.

வாங்கணும்: சோப்பு, நாப்கின், கரண்ட் பில் கட்டணும், ஷூ சோல் ஒட்டக் கொடுக்கணும். (இப்ப எதுக்கு ஷூ?)

மே 17, ஞாயிறு

பூசைக்கு நான் போகலை. போன வருஷம் ஃபாதர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிக்க வச்சார், கோயிலே கை தட்டுச்சு. அம்மா தனியாப் போய் வந்தாங்க. யார் என்ன கேட்டாங்கன்னு சொல்லலை. நானும் கேட்கலை.

காவ்யா வந்தா. ஹாஸ்டல்லேர்ந்து பஸ்ல. அம்மா காபி வச்சுட்டுப் பேசாம நின்னாங்க.

"ஆன்ட்டி, என் மேல கோபமா?"

"உன் மேல எதுக்கும்மா கோபம்." சொல்லிட்டு உள்ள போய் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாங்க.

காபி ஆறி ஆடை கட்டிடுச்சு. காவ்யா சொன்னா, "சார் உன்னை கேம்ப்புக்குக் கூப்பிடச் சொன்னார். பக்கத்து லேன்ல நீ நின்னாதான் எனக்கு மேட்ச் மாதிரி இருக்குமாம்." கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கிட்டு இருந்தா. "சார் சொல்லலை. நான்தான் கேட்டேன். வேணாம்னா வேணாம் கணே." நாம "டி"ங்கிறதுதான் அவ கன்னடத்துல "கணே".

யோசிக்கிறேன்னேன்.

ஜூன் 3, புதன்

கேம்ப். வந்துட்டேன். ஏன்னு கேட்டா தெரியாது. வீட்ல அம்மா முகத்தைப் பார்க்க முடியலை, அது பாதி.

இன்னிக்கு நான் சுட்டது என் வாழ்க்கையிலேயே நல்ல ஸ்கோர். கை தன்னால நின்னது. ட்ரையல் அன்னிக்கு இதுல பாதி நின்னிருந்தா போதும். சார் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கிரீனை அணைச்சுட்டார். காவ்யா பாத்ரூம்ல ரொம்ப நேரம். தண்ணி சத்தம் மட்டும்.

ஜூன் 4, வியாழன்

வேணும்னே ஓரமா சுட்டேன். அவளாவது தெம்பா இருக்கட்டும்னு.

கண்டுபிடிச்சுட்டா. லஞ்ச்ல தட்டைத் தள்ளி வச்சுட்டு, "எனக்குப் பிச்சை போடாதே ஜெனி. அங்க எவளும் எனக்கு விட்டுக் கொடுக்க மாட்டா."

சாயங்காலம் ஒழுங்கா சுட்டேன். ஜெயிச்சேன். அவ சிரிச்சுக்கிட்டே கை கொடுத்தா. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு. காதை மூடுற ஹெட்செட்டைக் கழட்டாம அப்படியே நின்னேன்.

ஜூலை 28, செவ்வாய்

தூறல். கேம்ப் முடிஞ்சு மறுபடி ஆபீஸ் போறேன், இன்னிக்கு லீவு போட்டேன். காவ்யாவோட ஒலிம்பிக் மேட்ச் போன்ல. கூப்பிடாமலே அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க, கையில பாதி உரிச்ச பூண்டோட.

முதல் பாதி நல்லா போச்சு. அப்புறம் வலது தோள் ஏற ஆரம்பிச்சது. பயந்தா அவளுக்கு அப்படித்தான். "தோளை இறக்குடி!"ன்னு போனைப் பார்த்துக் கத்தினேன். அம்மாவும் கத்தினாங்க.

எட்டு பேர் ஃபைனலுக்கு. காவ்யா ஒன்பதாவது.

அந்த நொடி எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்தது. உடனே போயிடுச்சு. ஆனா வந்தது.

கொஞ்ச நேரத்துல அவளே போன் பண்ணினா. "சாரி கணே. உன் இடத்தை வீணாக்கிட்டேன்."

அது உன் இடம்தான்னு சொல்லணும். வாயைத் திறந்தேன், வரலை. அம்மா போனைப் பிடுங்கிக்கிட்டாங்க. சாப்பிட்டியான்னு கன்னடத்துல, "ஊட்டா மாடிதியா மகளே?" அந்தப் பக்கம் ஒரே அழுகை. "முதல்ல ஏதாவது தின்னு. அப்புறம் அழு."

போன் திரும்ப என் கைக்கு வந்தப்ப அவ வெச்சுட்டா. அந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லலை.