எதிர்க்கடைக்குக் குடிபோகிறேன்

என் பாசமுள்ள எதிரியே, சிதம்பரம் மச்சான்,

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி வசந்தாதான் எழுதுகிறாள். எனக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷமாகியும் உன் விஷயத்தில் அவள் அண்ணன் கட்சிதான். உன்னைத் திட்டுகிற இடத்தையெல்லாம் விட்டுவிடுகிறாளோ என்று சந்தேகம். படித்துக் காட்டச் சொன்னால், "எல்லாம் எழுதியிருக்கேன், மேல சொல்லுங்க" என்கிறாள்.

ஆடியில் நீ போனாய். இப்போது மார்கழி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் சந்தில் இருந்த பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் மிச்சம் என்னுடையது ஒன்றுதான். மற்றவற்றில் செல்போன் கவரும் ஜூஸும் விற்கிறார்கள். முன்னெல்லாம் முறைத்துக்கொள்ள எதிரே நீ இருந்தாய். பூட்டிக் கிடக்கிற ஷட்டரை முறைத்து நான் என்ன செய்ய?

ஒரே கடையாகத்தானே தொடங்கினோம்? திருச்சி ஏலத்தில் மூட்டையாக எடுத்துவந்த சாமானைச் சோதித்து, பிரித்து, டப்பாவில் போட்டுத்தான் விற்கவேண்டும் என்றாய் நீ. தரையில் குவித்துப் போடு, வருகிறவன் கிளறட்டும், ஒன்றைத் தேடி வந்தவன் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு போவான் என்றேன் நான். அந்தச் சண்டையில் நீ எதிர்ப்பக்கம் கடை வாங்கிப் போனாய். அதன்பிறகு கல்யாண வீட்டில்கூட நாம் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் சாமான் கேட்டு வந்தவனிடம் "இல்லை" என்று நாம் இரண்டு பேருமே சொன்னதில்லை. "உள்ள கெடக்கு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்போம். அதற்குள் வசந்தா சோற்றுக் கூடையோடு சந்தின் பின்பக்கமாகச் சுற்றி உன் பின்வாசலுக்குப் போய்விடுவாள். திரும்பும்போது தூக்குவாளிக்கு அடியில் நான் கேட்ட சாமான் இருக்கும். உனக்கு வேண்டியதும் என்னிடமிருந்து அப்படித்தான் வந்தது. நம் மூன்று பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

இப்போது கேட்டு வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் என் குவியலைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்களே பாலிடெக்னிக் பிள்ளைகள், அந்தக் கூட்டம் இல்லை. செல்போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். நான் பற்றவைக்கிற ஈயக்கம்பியே அப்படித்தான் வருகிறது. ஆனால் இப்போது வரும் பொருள்களில் திருகாணி இல்லை, மச்சான். பசை போட்டு ஒட்டிவிடுகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் உடைக்கத்தான் வேண்டும். உடைத்துப் பார்த்தவனுக்குத் திரும்பச் சேர்க்கிற ஆசை எங்கிருந்து வரும்?

என் கடை இருக்கிற கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்கள். பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர். "போதும், வீட்டுல ஒக்காருங்க" என்றாள் வசந்தா. நானும் சரி என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் குடுமியான்மலை மைக்செட்டுக்கார அடைக்கலம் வந்தான். அவனுடைய பழைய ஆம்பிளிஃபயரில் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது.

"மார்கழியில போயி கழுத்தறுக்குதுண்ணே. விடியக்காலம் கோயில்ல பாட்டுப் போடணும். போன்ல தேடுனா முழு ஆம்பிளிஃபயரக் காட்டுது, உள்சாமானக் காட்டமாட்டேங்குது. புதுசு வாங்கணும்னா மைக்க வித்துட்டு நாந்தான் நின்னு பாடணும்."

என் குவியலில் அது இல்லை. உன் கடையில் இருந்தது. கல்லாவுக்கு இடப்பக்கம், கீழ்த்தட்டில், துணி சுற்றி வைத்திருந்தாய். அதன் ஜோடி ஒரு தடவை கூடையில் வந்தபோது வசந்தா சொன்ன இடம் எனக்கு மறக்குமா? ஆனால் சாவி உன் மகள் தேன்மொழியிடம், கோயம்புத்தூரில்.

"இல்லப்பா" என்றேன்.

அந்தச் சந்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடைக்கலம் என்னையே பார்த்தான். "ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டான். வீட்டில் உட்காருவதில்லை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி வந்தாள். காயலான் கடைக்காரரைத் தராசோடு வரச் சொல்லியிருந்தாள். உன் சாமான் முழுவதையும் எடைக்குப் போட்டுவிட்டு, கடையைச் செல்போன் கவர் விற்கிறவருக்கு வாடகைக்கு விட ஏற்பாடு. நான் வசந்தாவிடம் அடைக்கலத்துக்குப் போன் போடச் சொன்னேன். காயலான் கடைக்காரரின் குட்டியானை வண்டி சந்துக்குள் நுழையும்போது உன் கடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா, எந்திரிங்க. வெயில்ல ஒக்காந்துக்கிட்டு…"

"கடைய எனக்கு வாடகைக்குக் குடு ஆத்தா. சாமானோட."

"அப்பா ஒங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல மாமா. குப்பையக் குவிச்சு வச்சு யாவாரம் பண்றாருன்னுதான் சொல்லுவாரு. அவரு கண்ண மூடுன ஒடனே கடைய ஒங்ககிட்ட குடுத்தா, நான் அவருக்கு மகளா?"

நியாயமான கேள்விதானே? காயலான் கடைக்காரர், "செம்பத் தனியாப் போடவாம்மா, சேத்துப் போடவா?" என்று அவசரப்பட்டார்.

என்னோடு வந்திருந்த வசந்தா குறுக்கே வந்தாள். "ஏன்டி, ஒங்கப்பன் கடையில பாதி யாவாரம் ஒங்க மாமா சாமான்ல நடந்துச்சு. ஒங்க மாமா கடையில பாதி ஒங்கப்பன் சாமான். அம்புட்டையும் கூடையில வச்சுச் சொமந்த இடுப்பு என்னுது. நம்பிக்கை இல்லாட்டி இந்த இடுப்பக் கேளு." பிறகு கூடைக் கதை முழுவதையும் நடுச்சந்தில் நின்று அவிழ்த்துவிட்டாள்.

அடைக்கலம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப்பாவிகளா! இவருகிட்ட வெல கூடன்னு அங்கிட்டுப் போயி, அவருகிட்ட வெல கூடன்னு இங்கிட்டு வந்து, நாயா அலைஞ்சேனே! ஒரே சாமானுக்கா?"

தேன்மொழிக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. "அத்தை கூடைய அப்பா ஏன் யாரையும் தொடவிட மாட்டாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போர்டுல அப்பா பேரு அப்படியே இருக்கணும் மாமா. ஒங்க பேரு அதுல ஏறக்கூடாது."

உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அது வலித்தது. அந்த போர்டில் இருக்கிறதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதைப் பார்த்துப் பார்த்து எரிந்தவன் நான். என் பெயர் இந்தச் சந்திலிருந்தே போய்விடும். படியில் உட்கார்ந்தபடி யோசித்தேன். பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதா, பெயரை விட்டுவிட்டுக் கடையில் இருப்பதா?

சாவிக்குக் கை நீட்டினேன்.

டிரான்ஸ்பார்மர் துணிக்குள்ளேயே இருந்தது. அடைக்கலத்தின் ஆம்பிளிஃபயரை உன் மேசையில் வைத்தே பிரித்தேன். மறுநாள் விடியற்காலம் கோயிலில் பாட்டுக் கேட்டதாம்.

உன் டப்பா ஒன்றைக்கூட நகர்த்தமாட்டேன். ஆனால் நடுத்தரையில் என் குவியல் விழும். அதை நீ பொறுத்துத்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மேசையை வாசலுக்கு இழுத்துப் போடப் போகிறேன். எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் அங்கே திறந்து பார்க்கலாம். பசை போட்டதென்றாலும் சூடு காட்டி, உடையாமல் திறக்க வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஒருத்தரும் வராவிட்டால்? நானே ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேடிக்கை பார்க்கவாவது யாராவது நிற்பார்கள். நின்றவனை விடமாட்டேன்.

நாளைக் காலையில் குடிபோகிறேன். புதிதாக வருகிறவர்கள் போர்டைப் படித்துவிட்டு, "சிதம்பரம் அண்ணன்தானே?" என்று கேட்பார்கள். உன் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான். இனி ஒருத்தரையும் திருத்தமாட்டேன் மச்சான், இது சத்தியம். "ஆமா, என்ன வேணும்?" என்று கேட்பேன்.

உன் பெயருக்குக் குரல் கொடுக்கப்போகும்,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
ரெங்கையா