முகில்வாய்க் குடிலின் தளம் நிமிர்ந்தது குறித்த ஓலை

மங்கலம் பொலிக. ஏழு குன்றமும் ஈரருவியும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் செங்காந்தள் நாட்டு அரசியார் கோலும், அக்கோலுக்குக் கண்ணாய் நிற்கும் பேரமைச்சர் வழுதிச்சாத்தனார் நலமும் ஊழி கடந்தும் ஓங்குக. அன்னார் திருமுன், முகில்வாய்க் கணவாயிலிருந்து மரவேலையாள் ஓரிக்கொற்றன் கைப்பட எழுதி விடுக்கும் ஓலை யாதெனில்:

கணவாய்க் காவற்குடிலின் பலகைத் தளம் இரண்டு விரல் தொய்ந்துவிட்டது, மழைக்கு முன் அதை இடித்துக் காவலை அடிவாரத்துக்கு இறக்குக என்று தாங்கள் ஆணையிட்டதும், தேறும் மரத்தைக் குறித்து வைக்க இக்கொற்றனை முன்னே அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. கொற்றன் போனான். தளத்தின் அடியில் மல்லாந்து படுத்து உத்தரங்களை உளியால் குத்திப் பார்த்தான். நாற்பது மழை கண்ட வேங்கை, உளி நுனிகூட இறங்கவில்லை. கெட்டது மரமல்ல, ஆணி. மேல்மலை மூன்றூருக்கும் அளக்கும் உப்பு மூட்டைகளைக் காவலர் வெறும் பலகைமேல் அடுக்கி வைக்க, மழைதோறும் கசிந்த உப்புநீர் இரும்பாணிகளைத் தின்றிருந்தது. பிடி விட்ட உத்தரம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

குடிலை இடித்தால் அம்மூன்றூரும் ஒரு படி உப்புக்கு வெள்ளத்தில் ஐந்து ஓடை தாண்டி இறங்க வேண்டும். அதை எண்ணிக் கொற்றன் ஏவாத வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டான். அவசரம் அவனையும் விடவில்லை. முதல் நாளே ஆப்பு அடித்து இரு விரலையும் ஒரே மூச்சில் தூக்கினான். தளம் நிமிர்ந்தது, ஆனால் சுவர் திருகிக் கதவு இறுகிக்கொண்டது. உள்ளே காவலன் பூதனின் மனைவி அழிசி.

“தரைய நிமித்திப்புட்டீரு, மகராசன். கதவு கோணிக்கிச்சே, இனி எனக்கு வெறகக் கூர வழியா எறக்குவீரோ?” என்று அவள் உள்ளிருந்து கேட்டாள்.

“அவரு இடிக்கத்தான வந்தாரு, புள்ள. பாதிய முடிச்சிட்டாரு,” என்றான் பூதன்.

கொற்றன் ஆப்பைத் தளர்த்தினான். ஆண்டுக்கணக்கில் இறங்கியதை ஒரு பொழுதில் ஏற்றினால் வீடு ஒப்புமா? எட்டு நெல் ஒரு விரல், இரு விரலுக்குப் பதினாறு நெல். நாளொன்றுக்கு ஒரு நெல் கனமே ஏற்றுவதென்று, விடியலில் நெல்லை வைத்து அளந்து ஆப்பில் ஒரு தட்டு, பிறகு மறுநாள்தான். இடைப்பொழுதில் கருங்காலியில் முளை சீவி, இரும்பாணி இருந்த துளையெல்லாம் இறுக்கினான். உப்புக்கென்று குடிலுக்கு வெளியே கல்மேடையும் கூரையும் கட்டினான்.

பதினாறாம் நெல்லும் ஏறிய இன்று மூன்றூரார் முப்பது பேர் தலைக்கொரு மூட்டையோடு தளத்தில் ஏறி நின்றார்கள். நடுவே வைத்த கிண்ணத்து நீர் ஒரு பக்கமும் சாயவில்லை. அழிசி கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “சரிதான். உள்ள வந்து கஞ்சி குடியும்,” என்றாள். கொற்றனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கஞ்சி அமுதாய் இறங்கியது.

இடிக்கும் ஆட்கள் மூன்று நாளில் வந்துவிடுவர். ஆகவே தங்கள் பொழுது மிச்சமாகட்டும் என்று ஆணையையும் கொற்றனே கீழே எழுதியுள்ளான். அது பிழையெனில் தண்டனை அவன் ஒருவனுக்கே, பூதன் வீட்டாருக்கு அதில் பங்கில்லை.

ஆணை: முகில்வாய்க் குடில் நிற்க. இடிக்க வந்த இருபதின்மரும் கடப்பாரையை வாசலில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு மூட்டை உப்புச் சுமந்து மேல்மலைக்கு ஏறுக.

இதன்கீழ் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறது.