நீ சொன்ன மலையுச்சி

மகள் மொங்கோலியாவிலிருந்து அனுப்பிய பொதியை இன்று காலை பிரித்தேன். புளித்த பால் மணம் குசினி முழுக்கப் பரவியது. கல்லுப் போல் காய்ந்த அந்தத் தயிர்க்கட்டிகள்தான். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதைத் தின்னிற ஒரே மனுசனும் போயிட்டார். இனி ஆருக்கு?" என்றாள். நான் ஒன்றை வாயில் போட்டேன். கட்டி அசையவில்லை, பல்லுத்தான் ஆடியது.

அங்கே உன்னை உயிரோடு வைத்திருந்தது இதுதான். ஆடும் குதிரையுமாய் இடம் மாறித் திரிகிற சனம். காலையிலும் இறைச்சி, பின்னேரமும் இறைச்சி. சைவக்காரனான நீ இதைச் சூப்பிக்கொண்டு, "மோர்மிளகாய் மாதிரித்தான் மச்சான், மிளகாய் மட்டும் இல்லை" என்றாய்.

நீ அங்கே வந்ததே என் மனைவிக்குப் பதிலாகத்தான். அங்கே சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகள் எங்களைக் கூப்பிட, விமானம் ஏறமாட்டேன் என்று தாய்க்காரி ஒற்றைக்காலில் நின்றாள். ஓ.எல். பரீட்சையில் புவியியலைக் கோட்டைவிட்ட எனக்கு அந்த நாடு எந்தப் பக்கம் என்றும் தெரியாது. கரவெட்டியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த என் கூட்டாளி உன்னிடம் வந்து, துணைக்கு வாறியோ என்று நின்றேன். எங்கே, எத்தனை நாள் என்று நீ கேட்கவில்லை.

"அங்கை மலை இருக்கோ?" என்றாய்.

பிறந்ததிலிருந்து தட்டை நிலத்தில் கிடந்தவன் நீ. ஒருதரமாவது மலையுச்சியில் நின்று கீழே பார்த்துவிட வேண்டும் உனக்கு. நமக்கு ஏறுவதற்கு என்ன இருந்தது? பனையும் தண்ணீர்த் தாங்கியும். அங்கே ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சியில் ஒரு கற்குவியல் உண்டு, ஏறுகிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கல் வைத்து மூன்று முறை சுற்றுவார்கள் என்று மகள் போனில் சொன்னாள். நீ கீரிமலைக் கடற்கரையில் ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டாய்.

அங்கே எங்களைத் தம் கூடாரத்தில் தங்கவைத்த மனிதர் மலையில் முன்னே நடந்தார். எங்களைவிட மூத்தவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதுபோல ஏறினார். நான் கைகளாலும் ஏறினேன்.

"நாலு காலிலை ஏறுறது ஆடு மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. மூச்சு முட்டி ஒரு பாறையில் இருந்துவிட்டாய். இருந்தால் மூச்சு வந்தது, எழும்பினால் போனது.

"ரெண்டு பேரும் இறங்குவம்" என்றேன்.

"விசரே உனக்கு? உந்தா தெரியுது உச்சி. கல்லையாவது கொண்டுபோ."

முழங்கால் நோவென்று சொல்லிக் கூடாரத்தில் படுத்திருக்கத் திட்டம் போட்டிருந்தவன் நான். கடைசியில் ஏறியதும் நான்.

உச்சிக்குப் போகும்போது மேகம் இறங்கிவிட்டது. கற்குவியலில் நீலத் துணிகள் கட்டியிருந்தார்கள். அதைக் கண்டதும் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. நிலமெல்லாம் உறைபனி. வெறுங்காலோடு துள்ளித் துள்ளி மூன்று சுற்றுச் சுற்றினேன். அந்த மனிதர் திகைத்தார்; பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; பிறகு என்னை இருத்தி, தம் நீள அங்கியின் தொங்கலால் என் பாதங்களைச் சுற்றிப் பொத்திப் பிடித்தார்.

இறங்கி வந்ததும் கேட்டாய்: "மேகம் விலகினதோ? என்ன தெரிஞ்சது?"

"ஒரு கோதாரியும் தெரியேல்லை. எல்லாம் பனிப்புகார்."

உன் முகம் வாடிப்போயிற்று.

"சப்பாத்தைக் கழட்டினியோ?"

"கழட்டினன்."

"கல்லு?"

"மேலை வைச்சன்."

"அப்ப சரி" என்று எழும்பினாய்.

ஊருக்கு வந்து, நெல்லியடித் தேத்தண்ணிக் கடையில் நீ அவிழ்த்துவிட்டாயே! "கழுகு எங்களுக்குக் கீழை பறக்குது அண்ணை. அதின்ரை முதுகைப் பாத்தம். கூடாரமெல்லாம் கவிழ்த்து வைச்ச சிரட்டை மாதிரி. நம்பாட்டி இவனைக் கேளுங்கோ."

நான் கிளாசுக்குள் பார்த்தபடி "ஓம்" என்றேன். எத்தனையோ தரம் அப்படி ஓம் போட்டேன். ஒவ்வொரு தரமும் கழுகு கொஞ்சம் வளர்ந்தது.

நீ செத்து முப்பத்தோராம் நாள் பந்தியில் உன் மருமகன் பக்கத்தில் வந்திருந்தார். "அங்கிள், உச்சியிலையிருந்து மெய்யாய் என்ன தெரிஞ்சது?"

அந்த மலையிலிருந்து நான் கொண்டுவந்தது முழங்கால் வீக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பனிப்புகார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது கழுகு. அதன் முதுகு, செட்டை நுனியில் வெயில், அதற்குக் கீழே சிரட்டைகள். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது.

"மாமா எங்கை நிண்டவர்?"

"எனக்குப் பக்கத்திலை" என்றேன். "வெறுங்காலோடை."