வீடு: 214 கிலோமீட்டர்

ஜூன் 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்தால் மட்டும் போதாது, தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் போடு. உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்காதே.

பதில் எழுதினால் என் பக்கத்து பெஞ்சுக்காரி வீட்டுக்கு எழுது. கீழே விலாசம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வந்ததை இன்னொருவர் பிரிக்க மாட்டார்களாம். அப்படியும் வீடுகள் இருக்கின்றன.

என்னிடம் இப்போது கைபேசி இல்லை. போன மாதம் எல்லோரும் அப்பாவின் எலக்ட்ரிக் காரில் போய்க்கொண்டிருந்தபோது பெஞ்சுக்காரி, "உங்க அக்கா எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதா?" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். என் கைபேசியோடு இணைந்திருந்த வண்டி அதைச் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி நிறுத்தி நிதானமாக, சத்தமாக வாசித்தது. "பதில் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று வேறு கேட்டது. அப்பா வண்டியை ஓரம் கட்டினார். கையை மட்டும் பின்பக்கம் நீட்டினார். அன்றிலிருந்து என் கைபேசி அவர் கடையில், டைல்ஸ் மாதிரிகளோடு அலமாரிக்குள் கிடக்கிறது.

கடைக்கு வருகிறவர்களிடம் வண்டியைப் பற்றி இன்னும் பெருமை அடிக்கிறார். "கைய வைக்கவே வேண்டாம் சார், அதுவே நிறுத்திக்கும்" என்கிறார். ஆனால் கண்ணாடியைத் துடைக்கும் வேகத்தைக் கூட்ட அவருக்குத் தெரியாது. மழை வந்தால் "கண்ணு, சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்துவார். நான் பின்னாலிருந்து எம்பி, திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டும். அம்மாவின் பிரஷர் மாத்திரை முன்பக்கப் பெட்டியில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெட்டியையும் திரையில்தான் திறக்க வேண்டுமாம். நான் பள்ளியிலிருந்து வரும்வரை அம்மா மாத்திரை போடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஒரு பிடி வச்சிருந்தா இவங்களுக்கு என்ன கொறஞ்சுபோயிருக்கும்?" என்றாள். அவள் வாய்விட்டுக் குறை சொல்வது வண்டியை மட்டும்தான்.

நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது எழுது.

உன்
வாலு

ஜூன் 16

என் வாலுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் அழுகை வந்தது. அடுத்த நிமிடம் பயம் வந்தது. கடிதத்தை நீ சொன்ன மாதிரியே நனைத்துக் கசக்கிவிட்டேன்.

சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குழாய்களில் எண் ஒட்டுகிறேன். மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலைவரை தூங்குகிறேன், வாலு. நான்கு மாதத்துக்கு முன்னால் அப்படித் தூங்கியதே இல்லை.

கேட்காதே என்றால் எப்படி? இந்த விலாசத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அப்பாவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? "எங்க இருந்தாலும் கால ஒடச்சு இழுத்துட்டு வருவேன்" என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. அவர் என்னை அடைத்துவைத்த அந்த எட்டு நாளும் வெளியே பூட்டிய அறைக்கு நீதானே கதவடியில் சப்பாத்தியைத் தள்ளினாய்? உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போதும் கனவில் அந்த வண்டி நிறுத்துமிடம்தான் வருகிறது. ஒரு வேலைக்கான நேர்காணலை முடித்துவிட்டு வெளியே வருகிறேன், வண்டிக் கதவின் பிடி வெளியே வரவே இல்லை. மழை. என் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே. கண்ணாடி வழியாகப் பார்க்க முடிகிறது, எடுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பா என் கைபேசியில் இருந்த வண்டிச் சாவியை அழித்துவிட்டார். துடைப்பான் போடத் தெரியாதவருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்றுதான் புரியவில்லை.

உண்மையைச் சொல். விலாசம் எப்படிக் கிடைத்தது?

அக்கா

ஜூன் 23, இரவு

அன்புள்ள அக்கா,

திட்டாதே. வண்டிதான் சொன்னது.

நீ ஓட்டிய நாட்களில் உன் கைபேசியின் வரைபடத்தை வண்டியோடு சேர்த்திருந்தாய் இல்லையா? சாவி போனாலும் அது போகவில்லை. நீ அங்கே எந்த இடத்தைத் தேடினாலும் இங்கே வண்டித் திரையில் உன் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. அவர் பெயரில் திறந்தால் அவருடைய இடங்கள்தான் வரும். உன் பெயரைத் தேடிப் போய்த் தொட்டால்தான் உன்னுடையது வரும். வண்டியைத் துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பேன்.

முதலில் பேருந்து நிலையம் வந்தது. அப்புறம் பெண்கள் விடுதி. பழைய கட்டில் விற்கும் கடை வந்த அன்று, தரையில் படுக்காமல் இருப்பாள் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் கண் மருத்துவமனை வந்தது. அன்று கணக்குப் பரீட்சையில் பாதிகூட எழுதவில்லை. ஒரு விலாசத்துக்கு நீ "வீடு" என்று பெயர் வைத்தாய். அதைத்தான் உறைமேல் எழுதினேன்.

உன் கண்ணுக்கு என்ன?

அழித்துவிடுகிறேன், சத்தியமாக.

உன்
வாலு

ஜூன் 30

வாலு,

கண்ணுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டிருக்கிறேன். பார்த்தால் நீ சிரிப்பாய்.

என் கைபேசியில் அந்த வண்டியோடு இருந்த தொடர்பை வெட்டிவிட்டேன். இனிப் புதிதாக எதுவும் அங்கே வராது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை வண்டிக்குள் உட்கார்ந்துதான் அழிக்க முடியுமாம். உன்னால்தான் முடியும். என் பெயரையே எடுத்துவிடு. ஒன்றும் மிச்சம் வைக்காதே. தனியாக ஒருத்தி என்றால் கதவைச் சாத்துகிற ஊரில் இந்த அறையைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இன்னொரு தடவை ஓட எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கே செய். "அழித்துவிட்டேன்" என்று ஒரே ஒரு வரி எழுது. அதுவரை தூங்க மாட்டேன்.

என் பட்டு இல்லையா நீ.

அக்கா

ஜூலை 8, இரவு

அன்புள்ள அக்கா,

அழித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் அழிக்கவில்லை.

மூன்று தடவை போய் உட்கார்ந்தேன். "நிரந்தரமாக நீக்கவா?" என்று கேட்டது. உன் படங்களை எல்லாம் அப்பா எடுத்துவிட்டார். ரேஷன் அட்டையிலிருந்தும் உன் பெயரை நீக்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வீட்டில் உன் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தத் திரைதான். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

நேற்று அப்பா கைபேசியைக் கடையிலேயே மறந்துவிட்டு அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார். பர்ஸில் இருந்த சாவி அட்டையை வைத்து வண்டியைத் திறந்திருக்கிறார். கைபேசி இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பது யார் என்று வண்டிக்குத் தெரியாது, பட்டியலில் இருப்பதில் ஏதோ ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும். உன் பெயரை எடுத்திருக்கிறது. இருக்கை உன் அளவுக்கு முன்னால் நகர்ந்து அவர் தொந்தியை ஸ்டியரிங்கோடு சேர்த்து அமுக்கியிருக்கிறது. அம்மா சிரித்துவிட்டாளாம். அவரும் சிரித்தாராம். திரும்பும்போது "வீடு" என்பதைத் தொட்டிருக்கிறார். "வீடு. இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர். நான்கு மணி பத்து நிமிடம்" என்று அந்தப் பெண் குரல் சொல்லியிருக்கிறது. "பைத்தியம் புடிச்சிருச்சு வண்டிக்கு" என்று அப்போதும் சிரித்தாராம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னை வண்டிக்குக் கூப்பிட்டார்.

"இது யார் வீடு?"

"தெரியலப்பா. ஏதாவது கோளாறா இருக்கும்."

"கோளாறு வண்டியிலயா, உங்கிட்டயா?"

அடிக்கவில்லை. விலாசத்தை ஒரு ரசீதின் பின்னால் பார்த்து எழுதிக்கொண்டார். இன்று கடையில் லோடு இறக்கும் ஆட்கள் இரண்டு பேருக்கு நாளை லீவு என்று சொல்லியிருக்கிறார். லீவு கடைக்கு மட்டும்தான். நாளைக் காலை ஐந்து மணிக்கு அவரோடு கிளம்புகிறார்கள்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் எண்ணை நீ எனக்குத் தரவில்லை. தராதது சரிதான். பரிசோதனைக் கூடத்தின் பெயரையாவது எழுதியிருக்கலாம். பெஞ்சுக்காரி வீட்டிலிருந்து சாயங்காலம் அந்த ஊரில் நான்கு இடத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கேயும் நீ இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் சாவியை அழித்தது அவர் இல்லை. அவருக்குத் தெரியாது என்று நீ நினைத்தது சரி. அன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன் கைபேசியை நீட்டி, "கண்ணு, அவ சாவிய எடுத்துரு" என்றார். எச்சில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. மழை பெய்ததும் தெரியும். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் எனக்கு இதெல்லாம் தெரிகிறது என்று அவர் அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது அக்கா.

இப்போது எனக்குத் தோன்றிய ஒன்றைச் செய்திருக்கிறேன். வண்டியில் சார்ஜ் பதினோரு சதவீதம்தான் இருக்கிறது. இரவு முழுக்க ஏறினால்தான் உன் ஊர்வரை போகும். எல்லோரும் படுத்த பிறகு வெளியே போய் சார்ஜர் ஒயரைக் கழற்றிவிட்டேன். முழுக்க இழுக்கவில்லை, தானாக நழுவின மாதிரி இருக்கட்டும் என்று பாதியில் விட்டேன். காலையில் பார்த்துவிட்டுக் கத்துவார். மறுபடி ஏற மதியம் ஆகும். அதற்குள் பெஞ்சுக்காரியை இன்னும் நான்கு இடத்துக்குக் கூப்பிடச் சொல்வேன். அந்த ஊரில் எத்தனை பரிசோதனைக் கூடம் இருந்துவிடப் போகிறது? நீ கிளம்பிவிடலாம். தெம்பில்லை என்றாய், ஒரே ஒரு தடவை மட்டும்

அப்பா அறையில் விளக்கு எரிகிறது.

ஏதோ மணிச்சத்தம் கேட்டது. சார்ஜ் ஏறாமல் நின்றால் அவர் கைபேசிக்குச் சொல்லும்படி நான்தான் வைத்துக் கொடுத்தேன். அதை அணைக்க மறந்துவிட்டேன். அக்கா, எனக்கு நினைவே

கதவைத் தட்டுகிறார். கோபமாகக்கூட இல்லை. "கண்ணு, தூங்கிட்டியா? வண்டி சார்ஜ் ஏறலன்னு போன்ல வருது. எந்திரிச்சு வந்து மாட்டிக் கொடு. காலைல தூரமாப் போகணும்."

அக்கா, நான்