விடியல் தேவதை மீதான வழக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பாவின் உடம்பு நலம். அவருடைய ரத்த அழுத்தம் என்னுடையதைவிட ஒழுங்காக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். மற்றதெல்லாம் போனில் சொல்ல வரவில்லை. நீ "அப்புறம்?" என்று கேட்டதும், "அப்புறம் ஒண்ணுமில்லண்ணா" என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

முன்னறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொன்னேன் அல்லவா? எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். இப்போது அது வேறு மாதிரிச் சத்தம் போடுகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த வேலைக்கார அம்மா வேலையைவிட்டு நின்றுவிட்டார். இன்னும் பஸ் கண்டக்டராகவே இருக்கிற நினைப்பில், உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அப்பா அவரிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். "நான் என்ன ஓசியிலயா வந்தேன்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீ கேட்டபோது பக்கத்து வீட்டில் என்று சொன்னேன். பக்கத்து வீடு காலியாகிப் பல மாதமாகிறது.

பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முழுவதும் என் தலையில்தான். இந்தப் பருவத்துப் பாடத்தில் கிரேக்கப் புராணக் கதைகள் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, கதைகள் மட்டும் உடனே பிடித்துவிட்டன. "எங்க வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கு மிஸ்" என்கிறார்கள். நாள் முழுவதும் நான் மனிதர்களோடு பேசுவது அந்த வகுப்பில்தான். ஆசிரியர் அறையில் என் மேசை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

போன வாரம் டிதோனஸ் என்பவனின் கதை. விடியலுக்கென்று ஒரு தேவதை உண்டு, ஈயோஸ் என்று பெயர். அவள் மனிதனாகிய இவனைக் காதலித்தாள். இவனுக்குச் சாவே வரக் கூடாது என்று தெய்வங்களின் அரசனிடம் வரம் வாங்கினாள். முதுமையும் வரக் கூடாது என்று கேட்க மறந்துவிட்டாள். அவன் சாகாமல் கிழவனாகிக்கொண்டே போனான். கையும் காலும் ஓய்ந்துபோக, வாய் மட்டும் ஓயாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் அவனை ஓர் அறையில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டாள். அவன் சில்வண்டாக மாறிவிட்டான் என்று மேலும் ஒரு முடிவு உண்டு. எங்கள் புத்தகம் கதவோடு நின்றுவிடுகிறது.

பாடத்தின் கீழே ஒரே ஒரு கேள்வி. தேவதை எதைக் கேட்க மறந்தாள்? இளமை என்று எழுதினால் முழு மதிப்பெண். எனக்கு அது போதவில்லை. தேவதை மீது வழக்குப் போட்டு விசாரிக்கலாம் என்று நானே சொன்னேன். எனக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ.

வகுப்புத் தலைவிதான் குற்றம் சாட்டியவள். "வரம் வாங்குறப்ப அவசரம், வெச்சுக் காப்பாத்துறப்ப சலிப்பா?" என்று மேசையைத் தட்டினாள். தேவதைக்காகப் பேச யாரும் வரவில்லை. கடைசியில் எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு 'ஜன்னல்' என்று பெயர். "அவங்க வேலை அப்படி மிஸ். தினமும் போயே ஆகணும். லீவு போட்டா யாருக்கும் விடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தலைவி விடவில்லை. "வேலைக்குப் போறவங்க எல்லாரும் வீட்டுல ஆளை வெச்சுப் பூட்டிட்டா போறாங்க?" என்று கேட்டாள். நான் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி நாற்காலியில், வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்காததால் உட்காரவைக்கப்பட்ட ஒரு சின்னப் பெண். அவள் தீர்ப்புச் சொன்னாள். "ஒரே ஒரு நாள் அவங்க வேலைக்குப் போகக் கூடாது. உலகம் இருட்டாவே கிடக்கட்டும். கதவுக்கு உள்ள உக்காந்து அவர் பேசுறதை முழுசாக் கேக்கணும்." பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பி, "நீங்க எந்தக் கட்சி மிஸ்?" என்றார்கள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

அண்ணா, நான் தினமும் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன். காஸை மூடி, தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் தண்ணீரையும் அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டுகிறேன். பூட்டுகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து "ரைட், போலாம்" என்கிறார். கதவு சாத்தியதும் வண்டி கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகப் படியில் நிற்பேன். எனக்கு உத்தரவு கிடைத்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் அவர் பேசியது எதையும் நான் கேட்டதில்லை.

அந்த வழக்கு நடந்த மறுநாள் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்பாவோடு உட்கார்ந்தேன்.

என் பழைய கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டார். கூடத்தில் எப்போதும் ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டே நடப்பார், வலியில் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அது வலி இல்லை, பஸ் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க, உள்ள என்ன பேயா இருக்கு?" என்று நாற்காலிகளை விரட்டினார். ஆஸ்பத்திரி வந்தது, மில் கேட் வந்தது. எல்லாம் நீயும் நானும் அப்பாவின் பஸ்ஸில் பள்ளிக்குப் போன அந்தப் பழைய தடம்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, "ரைட்" சொன்னார். நம் வீட்டு நிறுத்தமான தண்ணீர்த் தொட்டி வந்ததும், "ஹோல்டான்" என்று வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நின்றவர் நின்றதுதான்.

வண்டி கிளம்பவில்லை. யாரோ சத்தம் போடுகிறார்கள் போலிருக்கிறது, "ரெண்டு நிமிஷம் பொறுங்க சார், ஓட்டமா வந்துட்டிருக்கான், ஷூ லேஸ் கட்டுறான்" என்று சமாதானம் சொன்னார். சாப்பாடு ஆறிப் போனது. உட்காரச் சொன்னால் கண்டக்டர் எங்கேயாவது உட்காருவாரா என்று என்னை முறைத்தார். அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாகச் சாயங்காலம் நான் வந்து திறக்கும்போதெல்லாம் அவர் அந்த ஜன்னலில்தான் நின்றுகொண்டிருப்பார். கால் வீங்கியிருக்கும். நான் பாட்டுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

யாருக்காக வண்டி நிற்கிறது என்று கேட்டேன். "என் பையன்மா. ஸ்கூல் பையன். எப்பவும் லேட்டு, என் மானத்தை வாங்குறான்" என்றார். அப்புறம் கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன். உங்களுக்குப் பொண்ணு இல்லையா? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் இல்ல? அவ முன்னாடியே ஏறிட்டா. அவளைப் பாக்க வேண்டியதில்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்கம்மா, இடம் இருக்கு" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

முதியவர்களுக்கான இல்லத்தில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பகலில் கதவு திறந்தே கிடக்கிறது, வாசலில் ஆள் இருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிற சாலை. "அப்பாவை அங்கெல்லாம் விட்டுடாதே" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. வாதாட இதை எழுதவில்லை. அடுத்த மாதம் சேர்க்கப் போகிறேன். எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அதற்கு முன்னால் நீ ஒருமுறை வந்துவிட வேண்டும்.

நீ வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுப் படியில் நின்று அவர் உன்னைப் பார்த்து "இறங்கிப் போடா" என்றார். நீயும் இறங்கிப் போனாய். அண்ணா, அந்த நாள் இப்போது அவரிடம் இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டிருப்பது நீயும் நானும்தான்.

வந்தால் எதுவும் விளக்க வேண்டாம். உன்னை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், அது வலிக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தெருமுனையிலிருந்து கொஞ்சம் ஓடி வா. மூச்சு வாங்க ஏறி நில். ஒருவேளை திட்டுவார். வாங்கிக்கொள். அவர் வாயால் "ரைட்" வந்துவிட்டால் அன்றைக்கு அவர் உட்காருவார். நான் கதவைப் பூட்டாமல் பள்ளிக்குப் போவேன்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கிளம்பும்போது ஷூ லேஸை அங்கேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு வா.

முன்னாடியே ஏறிவிட்ட,
உன் தங்கை