கடைவீதிக்குக் கேட்ட பூ

தாராபுரம்
12.1.2005

அன்புள்ள மாப்பிள்ளை திருமூர்த்திக்கு,

இங்கு நலம். என் பாத்திரக் கடையில் பொங்கல் வியாபாரம் மந்தம். ஊரே பஸ் ஏறித் திருப்பூருக்குப் போய்விடுகிறது.

நேற்று நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையிலிருந்து இருவர் வந்தார்கள். பழைய கடைவீதியைத் தூக்கி நிறுத்தப் போகிறார்களாம். கூரை மாற்ற, முகப்புக் கட்ட, குறைந்த வட்டிக்குக் கடனாம். எங்கள் வரிசையில் எட்டுக் கடையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது. உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் போடும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் ஓட்டைக் கூரைமேல் என்ன அக்கறை? ஒருவன் தவறினால் எட்டுப் பேர் இடத்தையும் வளைத்துப் போடவா? நீயாவது உள்ளதைச் சொல்.

பிரியத்தோடும் சந்தேகத்தோடும்,
மகுடேஸ்வரன்

திருப்பூர்
20.1.2005

அன்புள்ள மகுடேஸ்வரா,

படித்துச் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. பத்திரம் எதையும் நாங்கள் வாங்குவதில்லை. உங்களுக்குக் கடைக்குக் கடை சுவர் பொது. ஒரு கூரையைப் பிரித்தால் பக்கத்துக் கூரையும் ஆடும். வீதி முழுக்கப் பளிச்சென்று இருந்தால்தான் போன கூட்டமும் திரும்பும்.

உன் பக்கத்துத் தையல்கடை நஞ்சம்மாளின் கூரை அடுத்த மழையைத் தாங்காது என்கிறார் எங்கள் இன்ஜினியர். உன் பேச்சை அந்த வீதி தட்டாது. எடுத்துச் சொல்.

உன்னையே நம்பியிருக்கும்,
திருமூர்த்தி

தாராபுரம்
9.2.2005

மாப்பிள்ளை,

கோபித்துக்கொள்ளாதே. நஞ்சம்மாளும் மற்றவர்களும் கையெழுத்துக்கு அவசரப்பட்டார்கள். அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்றேன். வெள்ளை வந்தால் கடன், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. ஆத்தா சொன்ன பிறகு யார் பேசுவது?

இன்னொன்று. போன வாரம் நீ யாரோடோ டேப் பிடித்து எங்கள் வீதியை அளந்தாய். என் கடை வாசல்வரை வந்தும் உள்ளே வரவில்லை. ஏன்?

மகுடேஸ்வரன்

திருப்பூர்
18.11.2005

மகுடேஸ்வரா,

ஒன்பது மாதமாக உனக்கு எழுத மனம் வரவில்லை. கடன் வாங்குபவர் இடத்தில் ஒரு காபிகூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உன் கடைக்குள் வந்தால் நீ விடுவாயா? அதனால்தான் வரவில்லை. அந்தப் பணம் வேறோர் ஊருக்குப் போய்விட்டது.

நேற்று இங்கே என் வீட்டுக்குப் பக்கத்தில், மண்ணரையில், நஞ்சம்மாளைப் பார்த்தேன். ஐப்பசி மழையில் கூரை விழுந்து, மெஷின் நசுங்கி, அங்கே ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். செவ்வாய்தோறும் பட்டினி விரதமாம்.

"ஏனுங்க, ஆத்தா செவப்பக் குடுக்கற அளவுக்கு நான் என்ன குத்தம் பண்ணிப்போட்டனுங்க?" என்று கேட்டாள்.

 உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

திருமூர்த்தி

தாராபுரம்
25.11.2005

திருமூர்த்தி,

பொட்டலம் கட்டியவன் நான். இரண்டிலும் சிவப்பு அரளியைத்தான் வைத்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம். வெள்ளையைக் கொடுத்துவிடுவாளோ என்று ஆத்தாமேலும் சந்தேகம்.

உங்கள் அறக்கட்டளையை இன்னமும் நான் நம்பவில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு நஞ்சம்மாள் பட்டினி கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை மண்ணரைக்கு வந்து அவளிடம் சொல்லப் போகிறேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

அங்கிருந்து உன் வீடு நடக்கும் தூரம்தான். வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ கூப்பிடாவிட்டால் அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

மகுடேஸ்வரன்