இடக்கைத் தையல்

நானா,

நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. சலவைக்காரர் என் பழுப்புக் கோட்டை மேசையில் விரித்து, அதன்மேல் ஈரத்துணி போட்டு, இஸ்திரிக் கரிப்பெட்டியை வைத்து அழுத்தினார். நனைந்த கம்பளியிலிருந்து ஆவி எழுந்தது. உங்கள் தையற்கடையின் மணம். குடையை மடிக்க மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

"மாஸ்டர், வலது கை ஒழுங்கா இருக்கு. இந்த இடது கைய யாரு தைச்சது? கோணலா ஓடுது. கக்கத்துல பிரிஞ்சும் கிடக்கு. நான் தைச்சுத் தரவா?"

வேண்டாம் என்றேன். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனம் அமரும். அந்த வரிசையும் சரிதானா என்று இப்போது நிச்சயமில்லை. பிழையென்றால் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

துணி வெட்டும்போது நீங்கள் குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருப்பீர்கள். ஊசி வாயில் இருக்கும்வரை நான் அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார். ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தால் வேறு ஆள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் நமக்குக் கிடைத்த உறவு அது. அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. ஊசிகள் மேசையில் விழும் சிறு சத்தம் நமக்குப் போதுமாக இருந்தது.

பொலிஸ் வந்த அன்றும் அந்தச் சத்தம் கேட்டது. கோட்டின் வலது கை தைத்தாயிற்று. இடது கை உங்கள் தோளில் கிடந்தது. என் நெற்றியில் உங்கள் உதடு பட்டபோது பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கடைக்காரன் கூச்சலிட்டான். தெருவில் பொலிஸ் விசில் ஊதியது.

"பின்வாசலால போங்க மாஸ்டர். ஓடாதீங்க, நடங்க."

நடந்தேன். ஒரு கை இல்லாத கோட்டுடன், சால்வையைப் போர்த்திக்கொண்டு, அம்பிட்டிய வீடு வரைக்கும். மற்றக் கை உங்கள் தோளிலேயே இருந்துவிட்டது.

அதைத்தான் பொலிஸ் நிலையத்தில் உங்கள் முகத்தில் எறிந்தார்களாம். "கை இஞ்ச கிடக்கு. ஆள் எங்கடா? பேரச் சொல்லு!" நீங்கள் சொல்லவில்லை. தடியால் உள்ளங்காலில் அடித்தார்கள். பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார்கள். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். கண்டிப் பொலிசுக்குச் சட்டை தைத்தவர் நீங்கள். பின்னொரு நாள், பல் உடைந்த வாயால், எனக்கு அதைச் சொல்லிச் சிரித்தீர்கள்: "அடிச்ச கையில நான் வெச்ச ரெட்டத் தையல், மாஸ்டர். எத்தின அடி அடிச்சான்! ஒரு நூல் பிரியல்ல."

நீதிமன்றத்துக்கு நான் ஏன் போனேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். எழுந்து நிற்கும் எண்ணத்தோடு போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எண்ணமே இல்லாதவன் அந்த ஒற்றைக் கைக் கோட்டைப் போட்டு, மேலே சால்வை போர்த்துப் போயிருப்பானா? தெரியவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். உங்களைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு கண் மூடியிருந்தது. நேராக நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்திருந்தீர்கள்.

இயற்கைக்கு விரோதமான குற்றம் என்று வாசித்தார்கள். பக்கத்துக் கடைக்காரன் சாட்சி சொன்னான்: "ரெண்டு பேர் ஒட்டி நிண்டாங்க. மத்த ஆள்ர முதுகைத்தான் கண்டேன்."

நீதவான் உங்களைப் பார்த்து, அந்த மற்ற ஆள் யார் என்று கேட்டார்.

"என்ட கூட்டாளி," என்றீர்கள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர். நம் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதன் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? குற்றத்துக்கு உடந்தையானவன் என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டார். நீதவானின் பேனா நிமிர்ந்தது. "அப்படியானால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். உடந்தையானவனின் பெயர் வரும்வரை மறுபடி பொலிஸ் காவல்."

உங்களுக்கு ஆங்கிலம் புரியாது. பொலிஸ் என்ற சொல் மட்டும் புரிந்தது. இன்னொரு இரவை உங்கள் உடம்பு தாங்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"பிழை!" என்றேன்.

வகுப்பில் பையன் தவறாக வாசித்தால் வாயிலிருந்து தானாக வருமே, அதே குரல். துணிவு என்று அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது. ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குச் சிநேகிதன் என்று மட்டுமே பொருள்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

சால்வையை எடுத்தேன். "அந்தச் சிநேகிதன் நான்தான். கோட்டுக்கு அளவு பார்க்கப் போயிருந்தேன்."

நீதவான் மேசையில் சான்றாகக் கிடந்த கோட்டுக் கையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். தையற்காரன் ஒட்டி நிற்காமல் எப்படி அளவு எடுப்பான் என்று சாட்சியைக் கேட்டார். சபை சிரித்தது. வேறு சாட்சி இல்லை. இந்த அருவருப்பை இனி என் முன் கொண்டுவராதீர்கள் என்று வழக்கைத் தள்ளினார்.

சிரித்தவர்கள்தான் வாசலில் நின்றார்கள்.

"அடே, மாப்பிள்ளையும் பொண்ணும் வருதுகள்!"

"வாத்தியார், தாலி கட்டியாச்சா?"

முதற்கல் என் காதில் பட்டது. அதற்குள் யாரோ உங்கள் கடையிலிருந்து இரும்பு முனை வைத்த அளவுகோலைக் கொண்டுவந்திருந்தான். "தைக்கிற கையப் பிடிங்கடா." இரண்டு பேர் உங்கள் வலக்கையைப் படிக்கட்டில் நீட்டிப் பிடித்தார்கள். என்னைச் சுவரோடு அழுத்தி வைத்திருந்தார்கள். கண்ணை மூட முடிந்தது, காதை மூட முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது மணிக்கட்டுக்கு மேல் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. நீதிமன்றப் பொலிஸ்காரன் அந்தக் கோட்டுக் கையை உங்கள்மேல் எறிந்து, "சாமான் ஒப்படைச்சாச்சு" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஊழியர் வாசலை மறித்தார். "இந்த ஆள வார்ட்டில போடேலாது, மாஸ்டர். மத்தவங்க எழும்பிப் போயிருவாங்க." விறாந்தையில், ஈரமான சீமெந்தில் பாயை விரித்தார்கள். எலும்பை நேராக்க ஒருவரும் வரவில்லை. புண் சீழ் பிடித்தது.

என் பள்ளிக்கூட மனேஜர் யாழ்ப்பாணத்தவர், மரியாதையாகவே பேசினார். "நீர் நல்லாப் படிப்பிச்சனீர், மாஸ்டர். அதில குறையில்லை. ஆனா இனி வராதையும்." அதற்குப் பிறகு எனக்கு விறாந்தையில் உட்கார நேரம் நிறையக் கிடைத்தது.

காய்ச்சல் குறைந்திருந்த ஒரு காலையில் ஊசியும் நூலும் கேட்டீர்கள். கோட்டை உங்கள் மடியில் பரப்பி நான் பிடித்துக்கொண்டேன். இடக்கையால் தைத்தீர்கள். குண்டூசிகளை வழக்கம்போல் உதட்டில் கவ்விக்கொண்டீர்கள். உடைந்த பற்களுக்கிடையில் அவை நழுவி விழுந்துகொண்டே இருந்தன.

"இடக்கைத் தையல். உத்துப் பாக்காதீங்க மாஸ்டர்."

கக்கத்துக்கு வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. நாளை முடிக்கலாம் என்றீர்கள். உதட்டில் மிஞ்சியிருந்த ஊசிகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தீர்கள். விறாந்தை நிறைய ஆட்கள். நான் குனிந்து நெற்றியைக் கொடுத்தேன். யாரோ காறித் துப்பிய சத்தம் கேட்டது. நாம் நிமிரவில்லை.

மறுநாள் திகனவிலிருந்து உங்கள் உறவினர் வந்து உடலைக் கொண்டுபோனார்கள். என்னைக் கிட்ட வர விடவில்லை. வண்டி திரும்பும்வரை தெருவோரம் நின்றேன்.

இப்போது இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. நானும் வரிசையில் நின்று வாக்குப் போட்டேன், இந்தக் கோட்டுடன். குளிர்காற்று கக்கத்தின் பிரிவு வழியாக நுழைந்து விலாவைத் தொட்டது. அதை நான் தைக்க விடுவதில்லை. நாளை முடிக்கலாம் என்றவர் நீங்கள்.

நேற்றுச் சலவைக்காரர் மறுபடியும் கேட்டார். "யாரு மாஸ்டர் இதத் தைச்சது?"

"என்ட கூட்டாளி," என்றேன்.

அவர் தலையசைத்தார். "நல்ல கூட்டாளி போல. வேற ஆள் தைச்சது எண்டா இந்தத் தையலுக்கு நீங்க கோட்டையே வீசியிருப்பீங்க," என்றார். பிறகு அந்தக் கோணல் தையலின்மேல் கரிப்பெட்டியை மெதுவாக, நூல் நோகாமல், ஓட்டினார்.